நிகழ்வுத் தரவு எங்கே தொலைந்தது? அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

ட்ரேஸ் (ஓடும் கணினியில் நடப்பதை நேரத்தோடு வரிசையாகக் குறிக்கும் பதிவு) எடுத்துப் பார்க்கிறீர்கள். கோப்பு இருக்கிறது, வரைபடமும் வருகிறது, நீங்கள் தேடிய அந்த அரை நொடி மட்டும் அதில் இல்லை. இது தற்செயலாக நடப்பதில்லை. கணினிக்கு வேலை மிகுந்திருக்கும் நேரத்தில்தான் பஃபர் (நிகழ்வுகள் தற்காலிகமாகத் தங்கும் நினைவக இடம்) நிரம்பி வழியும். நீங்கள் பிடிக்க நினைத்த சிக்கலும் அதே நேரத்தில்தான் வரும். அதனால் நிகழ்வுகள் தொலைந்த ட்ரேஸைச் சற்றே மெலிந்த ட்ரேஸ் என்று நினைத்துவிடக் கூடாது. எந்தப் பகுதி முக்கியமோ அந்தப் பகுதியையே பறிகொடுத்த ட்ரேஸ் அது. இரண்டு சதவீதம்தானே போனது என்று யாராவது சொன்னால், எந்த இரண்டு சதவீதம் என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

ஒரு நிகழ்வு பதிவாகும் பாதை எல்லாக் கருவிகளிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கெர்னலிலோ (இயங்குதளத்தின் மையப் பகுதி) நிரலிலோ உள்ள ஒரு கண்காணிப்புப் புள்ளி நிகழ்வை எழுதுகிறது. நேராக டிஸ்கில் எழுதுவதில்லை. ஒவ்வொரு சிபியுவுக்கும் தனியே ஒதுக்கிய ரிங் பஃபரில் (வளையம்போல் சுற்றிச் சுற்றி நிரப்பப்படும் பஃபர்) எழுதுகிறது. ஒரு சிபியு எழுதும்போது இன்னொன்றின் பூட்டுக்காகக் காத்துக் கிடக்கக் கூடாது என்பதால்தான் இந்தத் தனித்தனி ஏற்பாடு. பிறகு படிக்கும் நிரல் விழித்து, பஃபரைக் காலி செய்து, கோப்பில் எழுதுகிறது. அந்த எழுத்து முதலில் பேஜ் கேஷுக்கு (டிஸ்குக்குப் போக வேண்டிய தரவு நினைவகத்தில் காத்திருக்கும் இடம்) போகும், அதன்பின் டிஸ்குக்கு. கடைசியில் நீங்கள் கோப்பைத் திறக்கும்போது முகவரிகளுக்குப் பெயர் பொருத்தப்படுகிறது. இவற்றில் எந்த இடத்திலும் தரவு தொலையலாம், ஒவ்வோர் இடமும் தனக்கே உரிய தடயத்தை விட்டுவைக்கும். அந்தத் தடயத்தைப் பார்க்காமல் பஃபரைப் பெரிதாக்குவது குருட்டாம்போக்கு வைத்தியம்.

கீழே வருபவை பெரும்பாலும் லினக்ஸின் பெர்ஃப், எஃப்ட்ரேஸ் ஆகிய இரண்டு பதிவுக் கருவிகளையும் சார்ந்தவை. தினமும் என் கையில் புழங்குபவை அவைதான். மற்றக் கருவிகள் வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி: ‘இத்தனை சங்க் தொலைந்தன’ என்று பெர்ஃப் எச்சரிக்கிறது

அறிக்கையைத் திறந்ததும், இத்தனை நிகழ்வுகள் செயலாக்கப்பட்டன, இத்தனை சங்க் தொலைந்தன, ஐஓ அல்லது சிபியு சுமையைக் கவனியுங்கள் என்று வரும். அந்த சங்க் எண்ணைத் தொலைந்த நிகழ்வுகளின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பஃபரில் இடமில்லாதபோது கெர்னல் புதிய நிகழ்வுகளைக் கைவிட்டு, எத்தனை போயின என்று எண்ணிக்கொண்டே இருக்கும்; இடம் கிடைத்ததும் ‘இத்தனை தொலைந்தன’ என்று ஒரே ஒரு பதிவு எழுதும். சங்க் என்பது அப்படி எழுதப்பட்ட பதிவுகளின் எண்ணிக்கை. ஒரு பதிவுக்குள் ஐந்து நிகழ்வும் இருக்கலாம், ஐயாயிரமும் இருக்கலாம். பெர்ஃப் ஸ்கிரிப்டை ‘--ஷோ-லாஸ்ட்-ஈவென்ட்ஸ்’ தெரிவுடன் ஓட்டினால் எங்கெங்கே, எத்தனை என்பது தெரியும். எனக்கு இந்த ‘எங்கே’ என்பதுதான் எண்ணிக்கையைவிட முக்கியம்.

காரணம் பெரும்பாலும் ஒரு சின்னக் கணக்கில் அகப்பட்டுவிடும். பெர்ஃப் ரெக்கார்டு இப்போது இயல்பாக நொடிக்கு 4000 சாம்பிள் (அந்தக் கணத்தில் எது ஓடுகிறது என்ற குறிப்பு) எடுக்கிறது. ‘--கால்-கிராஃப் ட்வார்ஃப்’ கொடுத்தால், ஒவ்வொரு சாம்பிளோடும் நிரலின் ஸ்டாக்கிலிருந்து (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்பதை வைத்திருக்கும் அடுக்கு) 8192 பைட் நகலெடுத்து வைக்கும். 4000 முறை 8 கிலோபைட் என்றால், வேலையில் இருக்கும் ஒவ்வொரு சிபியுவிலிருந்தும் நொடிக்கு ஏறத்தாழ 32 மெகாபைட். சாதாரணப் பயனருக்கு ஒரு சிபியுவுக்குக் கிடைக்கும் பஃபர் 512 கிலோபைட். அதில் 64 சாம்பிள்தான் அடங்கும். 16 மில்லிநொடியில் நிரம்பிவிடும். பஃபர் பாதி நிரம்பியதும் படிக்கும் நிரல் எழுப்பப்படுகிறது என்றால், அது எழுந்து, தனக்கு ஒரு சிபியு கிடைக்கும் வரை காத்திருந்து, பஃபரைக் காலி செய்ய மிச்சம் இருப்பது 8 மில்லிநொடி. எல்லா சிபியுவும் முழு மூச்சில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் 8 மில்லிநொடி வரிசையில் நிற்பது சாதாரணம். 16 சிபியு இருந்தால் கோப்புக்குள் நொடிக்கு 512 மெகாபைட் பாய வேண்டும். இழப்பு வராவிட்டால்தான் அதிசயம்.

ஆகவே முதல் மருந்து, உள்ளே வரும் தரவைக் குறைப்பது. ட்வார்ஃபுக்குப் பதில் ஃப்ரேம் பாயின்டர் முறையில் (ஒவ்வொரு படியின் முகவரியை மட்டும் குறிப்பது) ஸ்டாக் எடுத்தால் ஒரு படிக்கு 8 பைட்; 30 படி ஆழமான ஸ்டாக்குக்கு 240 பைட்தான். 8192 எங்கே, 240 எங்கே. இதற்கு நிரலை ஃப்ரேம் பாயின்டருடன் கம்பைல் செய்திருக்க வேண்டும். ஃபெடோரா 38-உம் உபுண்டு 24.04-உம் தங்கள் தொகுப்புகளை இப்படிக் கம்பைல் செய்யத் தொடங்கிவிட்டதால், முன்பிருந்த சங்கடம் இப்போது வெகுவாகக் குறைந்துவிட்டது. ட்வார்ஃப்தான் வேண்டும் என்றால் நொடிக்கு 4000 வேண்டாம், 99 போதுமா என்று பாருங்கள். எங்கே நேரம் போகிறது என்ற கேள்விக்கு, அரை நிமிடம் ஓடும் பதிவில் 99 பெரும்பாலும் போதும்.

இரண்டாவது மருந்துதான் பஃபர். ‘-எம்’ தெரிவில் பக்கங்களின் எண்ணிக்கையைக் கொடுக்கலாம், அளவாகவும் கொடுக்கலாம். 2-இன் அடுக்காக இருக்க வேண்டும். இது ஒவ்வொரு சிபியுவுக்கும் தனித்தனி என்பதை மறந்துவிடாதீர்கள். 64 சிபியு உள்ள இயந்திரத்தில் 16 மெகாபைட் கேட்டால் 1 ஜிகாபைட் நினைவகம் பூட்டப்பட்டுவிடும். சாதாரணப் பயனராக ஓட்டும்போது ‘பெர்ஃப்_ஈவென்ட்_எம்லாக்_கேபி’ மதிப்பை உயர்த்துங்கள் என்ற பிழைச் செய்தி வந்தால், அந்த வரம்பைத் தொட்டுவிட்டீர்கள் என்று பொருள். அதன் இயல்பு மதிப்பு 516: தரவுக்கு 512, தலைப்புப் பக்கத்துக்கு 4.

மூன்றாவது, படிக்கும் நிரலைச் சீக்கிரம் எழுப்புவது. ‘-ஆர் 1’ கொடுத்தால் பெர்ஃப் ரியல்டைம் முன்னுரிமையில் ஓடும், வரிசையில் நிற்க வேண்டியதில்லை. சிபியு எண்ணிக்கை பெரிதாக இருந்து ஒரே த்ரெட் (நிரலுக்குள் தனியே ஓடும் ஓர் இழை) எல்லாப் பஃபரையும் சுற்றிச் சுற்றிக் காலி செய்து திணறினால், புதிய பதிப்புகளில் ‘--த்ரெட்ஸ்’ தெரிவு அந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும்.

எது பொருந்தும் என்று பார்க்க ஒரு சோதனை வைத்திருக்கிறேன். பஃபரை நான்கு மடங்காக்கி மறுபடி பதிவு செய்யுங்கள். இழப்பு அடியோடு நின்றால், பிரச்சினை அவ்வப்போது வரும் திடீர்ப் பெருக்கு; பெரிய பஃபர் அதைத் தாங்கிக்கொண்டது. இழப்பு கொஞ்சம் தள்ளித் தொடங்கி, பிறகு அதே வேகத்தில் தொடர்ந்தால், வரத்தே வடிகாலைவிட அதிகம். பஃபரை இன்னும் எத்தனை மடங்காக்கினாலும் தொடங்கும் நேரம்தான் தள்ளிப்போகும். அங்கே முதல் மருந்தைத் தவிர வேறு வழியில்லை.

விண்டோஸின் பதிவு வசதியான இடிடபிள்யூவிலும் இதே கணக்குதான், பெயர்கள் வேறு. ஒரு செஷனுக்குக் குறைந்தபட்ச, அதிகபட்ச பஃபர் எண்ணிக்கை உண்டு. நிரம்பிய பஃபர்கள் எழுதப்படக் காத்திருக்கும்போது காலிப் பஃபர் ஒன்றும் கிடைக்காவிட்டால், ‘ஈவென்ட்ஸ் லாஸ்ட்’ எண்ணிக்கை ஏறும். அங்கே பஃபரின் அளவையும் குறைந்தபட்ச எண்ணிக்கையையும் சேர்த்தே உயர்த்திப் பாருங்கள். ஜாவாவின் பதிவுக் கருவியான ஃப்ளைட் ரெக்கார்டரில் ‘டேட்டா லாஸ்’ என்று ஒரு நிகழ்வே இருக்கிறது; பதிவைத் திறந்ததும் முதலில் அதைத் தேடுவது நல்ல பழக்கம்.

அறிகுறி: எந்த எச்சரிக்கையும் இல்லை, ஆனால் பதிவின் கடைசித் துண்டு மட்டுமே இருக்கிறது

இது எஃப்ட்ரேஸில் அடிக்கடி வரும். பத்து நொடி பதிவு செய்தீர்கள், ‘ட்ரேஸ்’ கோப்பைத் திறந்தால் கடைசி கால் நொடிதான் இருக்கிறது. கருவி பழுதாகிவிடவில்லை. அதன் இயல்பு நடத்தையே பழையதை அழித்துப் புதியதை எழுதுவதுதான். பெர்ஃப் வழக்கமாகப் புதியதைக் கைவிடும். எஃப்ட்ரேஸ் பழையதைக் கைவிடும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்திருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கோப்பின் தலைப்பிலேயே விடை இருக்கிறது. ‘என்ட்ரீஸ்-இன்-பஃபர் / என்ட்ரீஸ்-ரிட்டன்’ என்று இரண்டு எண்கள் இருக்கும். முதலாவது இப்போது இருப்பவை, இரண்டாவது மொத்தம் எழுதப்பட்டவை. இரண்டும் சமம் என்றால் எதுவும் போகவில்லை. 1,40,080 / 2,50,280 என்று இருந்தால் 1,10,200 நிகழ்வுகள் மேலெழுதப்பட்டுவிட்டன. பலர் இந்த வரியைக் கண்ணால் தாண்டி நேராகக் கீழே போய்விடுகிறார்கள். தயவுசெய்து நின்று படியுங்கள்.

பஃபரின் அளவைப் பார்க்க ‘பஃபர்_சைஸ்_கேபி’ கோப்பைத் திறந்தால், பதிவு தொடங்குவதற்கு முன் ‘7, விரிந்தால் 1408’ என்ற பொருளில் ஒரு வரி வரும். யாரும் ட்ரேஸ் செய்யாதபோது நினைவகத்தை வீணாக்கக் கூடாது என்று சிறிதாக வைத்திருந்து, முதல் பயன்பாட்டில் சிபியுவுக்கு 1408 கிலோபைட்டாக விரிக்கிறது. ஒரு நிகழ்வுக்கு 64 பைட் என்று வைத்துக்கொண்டால் சுமார் 22,500 நிகழ்வுகள் அடங்கும். நொடிக்கு 1 லட்சம் நிகழ்வு எழுதும் சிபியுவில் அது கால் நொடிக்கும் குறைவு. பத்து நொடி வேண்டும் என்றால் சிபியுவுக்கு 64 மெகாபைட்டாவது தேவை, அல்லது தேவையற்ற நிகழ்வுகளை வடிகட்டியாக வேண்டும்.

ஆனால் இந்த அறிகுறியில் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, அதை விளக்கத்தான் இந்தப் பகுதியை நீட்டுகிறேன். பஃபர்கள் தனித்தனி என்பதால் அவை ஒரே வேகத்தில் நிரம்புவதில்லை. ‘பெர்_சிபியு’ கோப்பகத்தில் ஒவ்வொரு சிபியுவுக்கும் ‘ஸ்டாட்ஸ்’ என்ற கோப்பு உண்டு. அதில் ‘ஓல்டெஸ்ட் ஈவென்ட் டிஎஸ்’ என்ற வரி, அந்த சிபியுவின் பஃபரில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நிகழ்வின் நேரம். ஓர் எடுத்துக்காட்டு: இப்போதைய நேரம் 5124.02. சிபியு 0-இன் மிகப் பழைய நிகழ்வு 5120.31. சிபியு 3-இன் மிகப் பழைய நிகழ்வு 5123.88. சும்மா இருந்த சிபியு 0 கிட்டத்தட்ட நான்கு நொடியை நினைவில் வைத்திருக்கிறது. ஓயாமல் உழைத்த சிபியு 3-இடம் 0.14 நொடிதான் இருக்கிறது. இப்போது 5121-ஆம் நொடியில் என்ன நடந்தது என்று பார்த்தால், சிபியு 3 அயர்ந்து தூங்கியது போலவும், எல்லா வேலையையும் சிபியு 0 மட்டுமே செய்தது போலவும் தெரியும். நடந்தது நேர் எதிர்.

எனவே எல்லா சிபியுக்களின் ‘ஓல்டெஸ்ட்’ நேரங்களையும் எடுத்து, அவற்றில் எது மிகப் பிந்தியதோ அதற்கு முன்னால் உள்ளதை ஒதுக்கிவிடுங்கள். இந்த எடுத்துக்காட்டில் 5123.88-க்கு முன் இருப்பதை நம்பக் கூடாது. அதே கோப்பில் ‘ஓவர்ரன்’ என்பது மேலெழுதப்பட்டவை. மேலெழுதும் வசதியை அணைத்திருந்தால் ‘ட்ராப்டு ஈவென்ட்ஸ்’ எண்ணிக்கை ஏறும். ‘கமிட் ஓவர்ரன்’ பூஜ்யமாக இல்லாவிட்டால் பஃபர் வேலைக்கு ஆகாத அளவுக்குச் சிறிது.

பழையதை அழிப்பதா, புதியதைக் கைவிடுவதா, எதைத் தேர்வது? சிக்கல் தொடக்கத்திலேயே வரும் என்றால், உதாரணமாக ஒரு சேவை எழும் நேரத்தை அளக்கிறீர்கள் என்றால், மேலெழுதுவதை அணைத்துவிடுங்கள். எப்போதாவது வரும் தாமதத்தைத் துரத்துகிறீர்கள் என்றால் இயல்பு நடத்தையே சரி, ஆனால் சிக்கல் வந்த கணத்தில் பதிவை நிறுத்த வேண்டும். உங்கள் நிரல் தொடங்கும்போதே ‘ட்ரேஸ்_மார்க்கர்’, ‘ட்ரேசிங்_ஆன்’ இரண்டையும் திறந்து வைத்துக்கொள்ளட்டும். ஒரு கோரிக்கை 400 மில்லிநொடியைத் தாண்டினால், முதலாவதில் கோரிக்கையின் எண்ணையும் ஆன நேரத்தையும் ஒரு வரியாக எழுதி, இரண்டாவதில் 0 எழுதட்டும். பஃபர் அந்த நொடியில் உறைந்துவிடும். நீங்கள் மறுநாள் வந்து பார்த்தாலும் அந்தக் கோரிக்கைக்கு முந்தைய காட்சிகள் அப்படியே இருக்கும். பெர்ஃபிலும் இதற்கு இணையாக ‘--ஓவர்ரைட்’, ‘--ஸ்விட்ச்-அவுட்புட்’ தெரிவுகள் உள்ளன.

எல்டிடிஎன்ஜி என்ற மற்றொரு லினக்ஸ் பதிவுக் கருவியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு கூடுதல் குறிப்பு. அங்கே மேலெழுதும் முறையில், பஃபரின் ஒரு பிரிவான துணைப் பஃபர் முழுவதுமாகப் போகும், ஒவ்வொரு நிகழ்வாகப் போகாது. அதனால் அந்த முறைக்குச் சிறிய துணைப் பஃபர்கள் பல வைப்பதும், கைவிடும் முறைக்குப் பெரியவை சில வைப்பதும் பொருந்தும்.

அறிகுறி: பதிவின் நடுவே ஒரு வெற்றிடம்

ஒருமுறை ஒரு சேவையின் ட்ரேஸில் 300 மில்லிநொடி அளவுக்கு ஒன்றுமே இல்லாத இடைவெளி தெரிந்தது. ஏதோ ஒரு பூட்டுக்காக எல்லா த்ரெட்டும் காத்திருக்கின்றன என்று முடிவுகட்டி, இரண்டு நாள் அந்தப் பூட்டைத் தேடினேன். பூட்டு எதுவும் இல்லை. அந்த 300 மில்லிநொடியும் பஃபர் நிரம்பிக் கிடந்த நேரம். சேவை அப்போதுதான் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து இடைவெளியைப் பார்த்ததும் மூன்று கேள்விகளை முடிக்காமல் விளக்கம் தேடப் போவதில்லை.

தொலைந்ததா? எஃப்ட்ரேஸின் வெளியீட்டில் இழப்பு நடந்த இடத்திலேயே ‘சிபியு இன்னது, லாஸ்ட் இத்தனை ஈவென்ட்ஸ்’ என்று ஒரு வரி இருக்கும். பெர்ஃபில் லாஸ்ட் பதிவின் நேரத்தை இடைவெளியின் முடிவோடு ஒப்பிடுங்கள். இடம் கிடைத்த பிறகுதான் அந்தப் பதிவு எழுதப்படும் என்பதால், அது இடைவெளியின் கடைசியில் நிற்கும்.

கெர்னலே அடக்கியதா? சாம்பிள் எடுப்பதற்கே நேரம் அதிகம் செலவானால் கெர்னல் கடிவாளம் போடும். உச்ச வரம்பு இயல்பாக நொடிக்கு 1 லட்சம் சாம்பிள். அப்படியானால் ஒரு சாம்பிளுக்கு 10 மைக்ரோநொடி இடைவெளி. அதில் 25 சதவீதத்துக்கு மேல் சாம்பிள் வேலை தின்னக் கூடாது என்பது இன்னொரு இயல்பு வரம்பு. 10 மைக்ரோநொடியில் கால் பங்கு 2500 நானோநொடி. அதனால்தான் கெர்னல் லாகில் ‘இன்டரப்ட் வெகுநேரம் எடுத்தது’ என்ற செய்தி வரும்போது 2500 என்ற எண் அதில் தென்படுகிறது. அப்போது ‘பெர்ஃப்_ஈவென்ட்_மேக்ஸ்_சாம்பிள்_ரேட்’ மதிப்பைக் கெர்னல் தானாகக் குறைத்துவிடும், பிறகு தானாக ஏற்றாது. நேற்று 4000 கேட்டால் கிடைத்தது, இன்று கிடைக்கவில்லை என்றால், இடையில் ஒருநாள் இது நடந்திருக்கும். மதிப்பைப் பார்த்து நீங்களே மீட்டு வையுங்கள். பதிவுக்குள் ‘த்ராட்டில்’, ‘அன்த்ராட்டில்’ பதிவுகள் இருந்தாலும் இதே கதைதான்.

உண்மையிலேயே சும்மா இருந்ததா? சிபியு சுழற்சிகளை எண்ணி எடுக்கும் சாம்பிள், சிபியு ஓய்வில் இருக்கும்போது வராது. அது நேர்மையான வெற்றிடம். உறுதி செய்ய ‘ஷெட்_ஸ்விட்ச்’ (சிபியு ஒரு வேலையிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவது) நிகழ்வுகளையும் சேர்த்துப் பதிவு செய்தால், இடைவெளியின் தொடக்கத்தில் ஓய்வு டாஸ்குக்கு மாறியது பளிச்சென்று தெரியும்.

அறிகுறி: முதல் சில நொடிகள் சுத்தம், பிறகு விடாமல் இழப்பு

பேஜ் கேஷ் நிரம்பும் கதை இது. கோப்பில் எழுதுவது முதலில் நினைவகத்தில்தான் போய் விழுகிறது என்பதால் தொடக்கத்தில் டிஸ்கின் வேகம் தெரியாது. டிஸ்குக்குப் போகாத பக்கங்கள், கிடைக்கும் நினைவகத்தில் 10 சதவீதத்தைத் தொட்டால் பின்னணியில் எழுதத் தொடங்கும். 20 சதவீத வரம்பை நெருங்கும்போது எழுதும் நிரலையே கெர்னல் நிறுத்தி நிறுத்தி விடும். இந்த இரண்டும் லினக்ஸின் இயல்பு மதிப்புகள். நிறுத்தப்படுவது உங்கள் பெர்ஃப். அது நிற்கும் நேரமெல்லாம் ரிங் பஃபர் நிரம்புகிறது. பதிவு ஓடும்போதே ‘மெம்இன்ஃபோ’ கோப்பின் ‘டர்ட்டி’ மதிப்பைக் கவனித்து, அது ஏறி ஒரு மட்டத்தில் நிற்பதும் இழப்பு தொடங்குவதும் ஒரே நேரமா என்று பாருங்கள்.

கோப்பை டெம்ப்எஃப்எஸ்ஸில் (நினைவகத்திலேயே இருக்கும் கோப்பு அமைப்பு) வைத்தால் டிஸ்க் குறுக்கே வராது, ஆனால் அது நினைவகத்தைத் தின்னும். அளக்கப்படும் நிரலுக்கே நினைவகம் போதாமல் போகும்படி விட்டுவிடாதீர்கள். ‘-இசட்’ தெரிவு தரவைச் சுருக்கி எழுதும். கொஞ்சம் சிபியு கொடுத்து நிறைய டிஸ்கை மிச்சப்படுத்தும் பேரம் அது. பதிவுக் கோப்பை நெட்வொர்க் டிஸ்கில் மட்டும் வைக்காதீர்கள்.

அறிகுறி: ஒன்றுமே ஓடவில்லை, கோப்பு மட்டும் வளர்ந்துகொண்டே போகிறது

வேலியே பயிரை மேயும் நிலை. முழு இயந்திரத்திலும் ‘ரைட்’ சிஸ்டம் கால்களை (எழுதித் தரும்படி நிரல் கெர்னலிடம் விடும் கோரிக்கைகள்) பதிவு செய்கிறீர்கள். பெர்ஃப் கோப்பில் எழுதுகிறது. அது ஒரு ‘ரைட்’. அதுவும் பதிவாகிறது. அதை எழுத இன்னொரு ‘ரைட்’. ‘--எக்ஸ்க்ளூட்-பெர்ஃப்’ தெரிவு பெர்ஃபின் சொந்த நிகழ்வுகளை விலக்கும். எஃப்ட்ரேஸில் ‘ட்ரேஸ்_பைப்’ கோப்பை டெர்மினலில் ஓடவிட்டால், திரையில் வரிகளைக் காட்டும் வேலையே நிகழ்வுகளாகத் திரும்பி வரும். ரிமோட் இணைப்பில் நெட்வொர்க் நிகழ்வுகளும் சேர்ந்துகொள்ளும். வெளியீட்டைக் கோப்புக்குத் திருப்பி, படிக்கும் நிரலின் எண்ணை வடிகட்டியில் விலக்குங்கள். ‘ட்ரேஸ்_பைப்’ படித்ததைப் பஃபரிலிருந்து எடுத்துவிடும், ‘ட்ரேஸ்’ எடுக்காது. பழைய கெர்னல்களில் இரண்டு பேர் ஒரே பைப்பைப் படித்தால் ஆளுக்கு ஒரு பகுதிதான் கிடைக்கும்.

அறிகுறி: காரணத்துக்கு முன் விளைவு வருகிறது

ஒரு சிபியுவிலிருந்து ஒரு செய்தி போவதற்கு முன்பே மற்றொன்றில் அது வந்துசேர்ந்ததாகத் தெரிந்தால் கடிகாரத்தைச் சந்தேகியுங்கள். எஃப்ட்ரேஸின் இயல்புக் கடிகாரம் ‘லோக்கல்’. வேகமானது, ஆனால் சிபியுக்களுக்கிடையே பொருந்தும் என்ற உத்தரவாதம் இல்லை. ‘ட்ரேஸ்_கிளாக்’ கோப்பில் ‘குளோபல்’ அல்லது ‘மோனோ’ என்று மாற்றுங்கள். மாற்றிய உடனே பஃபரில் இருப்பது அழிந்துவிடும். வேண்டியதை முன்பே எடுத்துவிடுங்கள். நிரலின் சொந்த லாகோடு ஒப்பிட வேண்டும் என்றால் பெர்ஃபுக்கு ‘-கே’ தெரிவில் மோனோடோனிக் கடிகாரத்தை (பின்னோக்கிப் போகாதது) கொடுத்து, லாகிலும் அதையே அச்சிடுங்கள். சுவர்க் கடிகார நேரம் பின்னோக்கித் திருத்தப்படலாம் என்பதால் அதை நம்பி வரிசை கட்டக் கூடாது.

பிபிஎஃப் நிரல் (கெர்னலுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல்) எழுதுபவர்களுக்கு, சிபியுவுக்கு ஒன்றாக இருக்கும் பழைய பெர்ஃப் பஃபரில் இந்தச் சிக்கல் வரும். 2020-இல் லினக்ஸ் 5.8-இல் வந்த பிபிஎஃப் ரிங் பஃபர் எல்லா சிபியுவுக்கும் பொதுவானது, வரிசையைக் காக்கும். அதில் இடமில்லாதபோது ஒதுக்கீட்டு அழைப்பு நல் சுட்டியை (எந்த இடத்தையும் காட்டாத வெற்று முகவரி) திருப்பித்தரும். அந்த இடத்தில் நீங்களே ஓர் எண்ணியை ஏற்றாவிட்டால் இழப்பு நடந்ததே தெரியாமல் போகும்.

அறிகுறி: கோப்பு இருக்கிறது, திறக்க மறுக்கிறது, அல்லது வால் பகுதி இல்லை

‘தரவின் அளவு 0 என்று இருக்கிறது, பதிவு முறையாக முடிந்ததா’ என்று பெர்ஃப் கேட்டால், யாரோ அதைக் கில் மைனஸ் 9 கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் நினைவகம் தீர்ந்து கெர்னல் கொன்றிருக்கிறது. தரவின் அளவு தலைப்பில் எழுதப்படுவது பதிவு முடியும்போதுதான். கன்ட்ரோல் சி, அல்லது இன்டரப்ட் சிக்னல் அனுப்பி நிறுத்துங்கள். தானியங்கி ஸ்கிரிப்டில் நேரக்கெடு முடிந்ததும் கொல்லும் கட்டளை எந்த சிக்னலை அனுப்புகிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நீண்ட பதிவுகளை ‘--ஸ்விட்ச்-அவுட்புட்’ கொண்டு துண்டுகளாக எழுதினால், கடைசித் துண்டு கெட்டாலும் முந்தையவை பிழைக்கும்.

நிரல் மட்டத்திலும் இதே வால் இழப்பு உண்டு. நிரல்களிலிருந்து ட்ரேஸ் அனுப்பும் ஓப்பன் டெலிமெட்ரியின் தொகுப்புச் செயலி இயல்பாக 2048 ஸ்பான் (ஒரு வேலையின் தொடக்க, முடிவு நேரப் பதிவு) கொள்ளும் வரிசையில் சேர்த்து, 5 நொடிக்கு ஒருமுறை அனுப்பும்; ஒரு தொகுப்பில் அதிகபட்சம் 512. இரண்டு நொடியில் முடியும் ஒரு சிறு வேலை, முடியும்போது ஷட்டவுனை அழைக்காமல் வெளியேறினால், எல்லா ஸ்பானும் வரிசையிலேயே மடிந்துபோகும். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாது. பெரிய வேலைகள் தெரிகின்றன, சிறியவை மட்டும் டாஷ்போர்டில் வருவதே இல்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அறிகுறி: நிகழ்வு இருக்கிறது, பெயர் இல்லை

எஃப்ட்ரேஸில் நிரலின் பெயருக்குப் பதில் மூன்று புள்ளிகள் வந்தால் தரவு தொலையவில்லை. நிகழ்வில் பிராசஸ் எண் மட்டுமே சேமிக்கப்படுகிறது. பெயர்கள் தனி அட்டவணையில். அதில் இயல்பாக 128 பெயர்தான் அடங்கும். ‘சேவ்டு_சிஎம்டிலைன்ஸ்_சைஸ்’ மதிப்பைப் பதிவுக்கு முன்பே உயர்த்துங்கள். பெர்ஃபில் ‘அன்னோன்’ என்று வந்தால், வேறு இயந்திரத்தில் திறக்கிறீர்களா என்று பாருங்கள். ‘பெர்ஃப் ஆர்க்கைவ்’ தேவையான பைனரிகளைக் கட்டித்தரும், பதிவோடு அதையும் கொண்டுபோங்கள். ஓடும்போதே இயந்திரக் குறியீட்டை உருவாக்கும் ஜிட் மொழிகளில், பிராசஸ் எண்ணோடு டெம்ப் கோப்பகத்தில் பெயர் அட்டவணையை ரன்டைம் எழுதியிருக்க வேண்டும்.

அறிகுறி: பதிவு ஓடும்போது நிரலே மெதுவாகிறது

நிகழ்வுகளை ஒவ்வொன்றாகச் சேமிக்கத்தான் வேண்டுமா என்று இங்கே யோசிக்க வேண்டும். நொடிக்கு லட்சக்கணக்கில் வரும் ஒரு நிகழ்வின் தாமதப் பரவல்தான் வேண்டும் என்றால், பிபிஎஃப் மேப்பில் (பிபிஎஃப் நிரல் எண்களைச் சேமிக்கும் அட்டவணை) கெர்னலுக்குள்ளேயே ஹிஸ்டோகிராம் (எவ்வளவு தாமதம் எத்தனை முறை என்ற எண்ணிக்கை) கட்டி, பதிவு முடிந்ததும் சில டஜன் எண்களை மட்டும் வெளியே எடுக்கலாம். பஃபரும் இல்லை, கோப்பும் இல்லை, வழிவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் தனி நிகழ்வுகளின் வரிசை கிடைக்காது. அது வேண்டும் என்றால், நீண்ட நேரத்துக்கு ஹிஸ்டோகிராமை ஓடவிட்டு, வால் எந்த நேரத்தில் நீள்கிறது என்று கண்டுபிடித்து, அந்த நேரத்தில் மட்டும் முழு ட்ரேஸை இயக்குங்கள்.

பதிவோடும் பதிவின்றியும் நிரலின் வேகத்தை ஒருமுறை அளந்து, அந்த இரண்டு எண்களையும் கோப்பின் பெயரோடு எழுதி வையுங்கள். தொலைந்த நிகழ்வுகளின் எண்ணிக்கை, எல்லா சிபியுவும் ஒத்துப்போகும் தொடக்க நேரம், பயன்படுத்திய கடிகாரம் ஆகியவற்றையும் அங்கேயே குறித்தால், ஆறு மாதம் கழித்து அந்த ட்ரேஸைத் திறப்பவர் எந்த நொடியிலிருந்து அதை நம்பலாம் என்று யாரையும் கேட்க வேண்டியிருக்காது.